‘இவ வந்தா மட்டும் கேம் ஸ்லோவாகுது மாமா!’ - ஒரே டிவியில் இரண்டு பேர் விளையாடும்போது என்ன நடக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை மதியம். அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சாயலாம் என்று பார்த்தால், ஹாலில் பெரிய பஞ்சாயத்து.

அக்கா மகனுக்கு 13 வயது, மகளுக்கு 9. டிவியில் ஒரு கார் ரேஸ் கேம். ஆளுக்கொரு கன்ட்ரோலர். நடுவில் கோடு போட்டுப் பிரித்ததுபோல, டிவியின் மேல் பாதியில் அண்ணனின் கார், கீழ்ப் பாதியில் தங்கையின் கார்.

“மாமா, நீங்களே பாருங்க. நான் தனியா விளையாடினா சும்மா வழுக்கிட்டு ஓடுது. இவ வந்து உட்கார்ந்தா மட்டும் திக்கித் திக்கி ஓடுது.”

“நான் என்ன பண்ணேன்? நானும் கார்தானே ஓட்டுறேன்?”

“நீ எந்திரி. நீ எந்திரிச்சாதான் சரியாகும்.”

கண்ணில் தண்ணீர் முட்ட, கன்ட்ரோலரைச் சோபாவில் வைத்துவிட்டு எழுந்துபோனாள் சின்னவள். பெரியவன் தனி ஆட்டத்தைத் தொடங்கினான். அவன் சொன்னது பொய்யில்லை. கேம் உண்மையிலேயே வழுக்கிக்கொண்டு ஓடியது.

அக்கா என்னைப் பார்த்தாள். “கம்ப்யூட்டர்லதானே வேலை பாக்குற? இது ஏன்னு பார்த்துச் சொல்லேன். லீவு விட்டா தினமும் இதே ரோதனைதான்.”

பார்த்தேன். கேம் கன்சோல் இருக்கிற பல வீடுகளில் இந்த ரோதனை இருக்கும் என்பதால், தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். கன்சோல் பழுதாகிவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்பு இதைப் படித்துவிடுங்கள்.

நொடிக்கு 60 படங்கள்

சினிமாவில் நாம் பார்ப்பது அசையும் படமல்ல. நொடிக்கு 24 படங்கள் அடுத்தடுத்து ஓடுகின்றன, அசைவதுபோல நம் கண்ணுக்குத் தெரிகிறது. வீடியோ கேமிலும் இதே கதைதான். நொடிக்கு எத்தனை படங்கள் என்ற கணக்கை ‘ஃப்ரேம் ரேட்’ என்பார்கள். பெரும்பாலான கன்சோல் கேம்கள் நொடிக்கு 30 அல்லது 60 படங்களைக் குறிவைக்கின்றன.

சினிமாவுக்கு 24 போதும், கேமுக்கு ஏன் 60 வேண்டும்? சினிமாவை நாம் பார்க்க மட்டும்தான் செய்கிறோம். கேமில் பட்டனை அழுத்துகிறோம். அழுத்திய விளைவு அடுத்த படத்தில்தான் திரைக்கு வரும். படங்கள் குறைந்தால் அந்த விளைவு தாமதமாகும். வளைவில் காரைத் திருப்பியிருப்பீர்கள், கார் திரும்பியிருக்காது. ‘கன்ட்ரோலர் சரியில்ல’ என்று பிள்ளைகள் புலம்பும்போது, பல சமயம் குறை கன்ட்ரோலரில் இருக்காது, படங்களின் எண்ணிக்கையில் இருக்கும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. சினிமாப் படங்கள் ஏற்கெனவே எடுத்து முடிக்கப்பட்டவை. கேமில் ஒவ்வொரு படத்தையும் கன்சோல் அந்தந்த நொடியில் வரைந்தாக வேண்டும். நொடிக்கு 60 படங்கள் என்றால், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி செகண்ட். அதாவது, ஒரு நொடியில் 60-ல் ஒரு பங்கு. அதற்குள் நீங்கள் எந்தப் பட்டனை அழுத்தினீர்கள் என்று பார்த்து, கார்களை நகர்த்தி, மோதினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டு, சாலை, மரம், நிழல், வெளிச்சம் எல்லாவற்றையும் வரைந்து டிவிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிய கையோடு அடுத்த படத்துக்கான வேலை ஆரம்பம்.

ஒரே சமையல்காரர், இரண்டு பந்தி

“அதே டிவிதானே? பாதி பாதியாத்தானே காட்டுது? அப்ப வேலையும் அதேதானே இருக்கணும்?” - அக்காவின் கேள்வி இது. நியாயமான கேள்வி.

ஒரு கல்யாண வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 40 பேருக்குச் சாப்பாடு. எல்லோரும் ஒரே கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தால், பரிமாறுபவர் சாம்பார் வாளியை ஒருமுறை எடுத்துவந்து ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்விடுவார். அதே 40 பேரை, கூடத்தில் 20 பேர், மாடியில் 20 பேர் என்று பிரித்து ஒரே நேரத்தில் உட்காரவைத்தால்? இலை அதே 40-தான். சாம்பாரும் அதே அளவுதான். ஆனால், கூட்டு, பொரியல், அப்பளம், ரசம், பாயசம் என ஒவ்வொன்றையும் இரண்டு இடத்துக்கும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பரிமாறுபவரின் நடை இரண்டு மடங்காகிவிடும்.

ஸ்பிளிட் ஸ்க்ரீனில் நடப்பதும் இதுதான். இலைகள் என்பவை திரையில் இருக்கும் புள்ளிகள். மொத்தப் புள்ளிகளின் எண்ணிக்கை கூடுவதில்லை. சாம்பார் கொதிப்பது, கேமின் உலகத்தை இயக்கும் கணக்கு. அதுவும் பெரும்பாலும் ஒருமுறைதான் நடக்கிறது. கூடுவது பரிமாறும் வேலை. அண்ணனின் கார் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் எந்தெந்த மரம், எந்தெந்தக் கட்டடம் தெரியும் என்று கன்சோல் ஒருமுறை கணக்கெடுத்து, அவற்றை வரையச் சொல்லி உத்தரவிட வேண்டும். தங்கையின் கார் வேறு இடத்தில் இருப்பதால் அவளுக்கும் தனியாக அதே வேலை. நிழல்களுக்கான கணக்கிலும் கணிசமான பகுதி இரண்டாவது முறை நடக்கும்.

நினைவகத்திலும் நெருக்கடி வரும். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒரே ஊரின் படங்களை நினைவகத்தில் வைத்துக்கொண்டால் போதும். ஒருவர் மலையிலும் மற்றவர் கடற்கரையிலும் சுற்றினால் மலையும் வேண்டும், கடலும் வேண்டும். மாடிப் பந்தி அடுத்த தெருவுக்குப் போய்விட்டது மாதிரி.

ஆக, பெரியவன் சொன்னது சரிதான். தங்கை வந்து உட்கார்ந்தால் கேம் வேகம் குறையத்தான் செய்யும். ஆனால் அது அவள் குற்றமல்ல, கன்சோலின் பழுதும் அல்ல.

பஸ்ஸைத் தவறவிட்டால்...

“சரி, கொஞ்சம் வேலை கூடினா கொஞ்சம்தானே ஸ்லோவாகணும்? ஏன் திடீர்னு பாதியாகுது?”

இதற்குக் காரணம் டிவி. வழக்கமான டிவி, நொடிக்கு 60 முறை சீரான இடைவெளியில் திரையைப் புதுப்பிக்கிறது. குறித்த நேரத்துக்குக் கிளம்பும் டவுன் பஸ் மாதிரி. படம் 16.7 மில்லி செகண்டுக்குள் தயாரானால் பஸ்ஸைப் பிடித்துவிடும். 17 ஆகிவிட்டால் பஸ் போயிருக்கும், அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அந்தப் படம் திரைக்கு வர 33.3 மில்லி செகண்ட் ஆகிவிடும். ஒவ்வொரு படமும் இப்படியே தவறினால் 60 படங்கள் 30 ஆகிவிடும். சில படங்கள் மட்டும் தவறினால் அது இன்னும் மோசம். ஒருமுறை வேகம், ஒருமுறை தாமதம். திக்கித் திக்கி ஓடுவதாகப் பெரியவன் சொன்னது அதைத்தான்.

இதனாலேயே பல கேம்களில் ஸ்பிளிட் ஸ்க்ரீன் என்றால் ஆரம்பத்திலேயே 30 என்று பூட்டிவிடுகிறார்கள். ‘மரியோ கார்ட் 8 டீலக்ஸ்’ நல்ல உதாரணம். 2017-ல் நிண்டெண்டோ ஸ்விட்ச்சுக்கு வந்த இந்த ரேஸ் கேம், ஒருவர் விளையாடினாலும் இருவர் விளையாடினாலும் நொடிக்கு 60 படங்கள் காட்டும். மூன்றாவது ஆள் வந்து உட்கார்ந்தால் 30 ஆகிவிடும். தடுமாறும் 60-ஐவிடச் சீரான 30 மேல் என்பது அந்தக் கணக்கு.

பாட்டை நிறுத்தினார்கள்

இந்தத் தலைவலி இன்று நேற்று வந்ததல்ல. 1992-ல் சூப்பர் நிண்டெண்டோவுக்கு வந்த முதல் ‘சூப்பர் மரியோ கார்ட்’, தொடக்கத்திலிருந்தே இருவருக்காகத் திட்டமிடப்பட்ட கேம். ஒருவர் மட்டும் விளையாடினால்கூடத் திரை இரண்டாகத்தான் பிரிந்திருக்கும். கீழ்ப் பாதியில் பந்தயப் பாதையின் வரைபடம் தெரியும். இரண்டாமவர் வந்தால் உட்கார அவருக்கு இடம் தயாராகவே இருந்தது.

1996-ல் வந்த நிண்டெண்டோ 64 கன்சோலில், முன்பக்கத்திலேயே நான்கு கன்ட்ரோலர்களைச் செருகும் வசதி இருந்தது. அதற்கு வந்த ‘மரியோ கார்ட் 64’ விளையாடியவர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் இருக்கலாம். மூன்று பேரோ நான்கு பேரோ சேர்ந்து ரேஸ் ஓட்டினால் பின்னணி இசை வராது. எஞ்சின் சத்தமும் நம் கூச்சலும்தான். கன்சோலின் திறனை நான்கு திரைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டிய இடத்தில், பாட்டை விட்டுக்கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டு அதே கன்சோலுக்கு ‘கோல்டன்ஐ 007’ வந்தது. ஜேம்ஸ் பாண்ட் படத்தை வைத்து, இங்கிலாந்தின் ‘ரேர்’ நிறுவனம் உருவாக்கியது. ஒருவர் விளையாடுவதற்காகத் திட்டமிடப்பட்ட கேம் அது. நால்வர் ஆட்டத்தைச் சேர்க்கும் யோசனை, வெளியாகச் சில மாதங்களே இருக்கும்போதுதான் வந்தது. அதில் முக்கியப் பங்கு ஸ்டீவ் எல்லிஸ் என்ற இளம் புரோகிராமருடையது. ஓடிக்காட்டும் நிலைக்கு வரும்வரை மேலிடத்துக்குச் சொல்லாமலேயே செய்திருக்கிறார்கள்.

அந்தக் கன்சோலின் நினைவகம் வெறும் 4 எம்பி. இன்று நம் போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அந்த அளவு இருக்கும். அதற்குள் நான்கு பேர், நான்கு துப்பாக்கிகள், நான்கு திரைகள். வெடி வெடித்தால் படம் திணறும், நின்று நின்று வரும். யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்த ஆட்டத்துக்காகவே கேமை வாங்கியவர்கள் ஏராளம். 80 லட்சத்துக்கும் மேல் விற்ற அந்த கேமைப் பற்றி இன்றும் பேசுபவர்கள், முதலில் பேசுவது அந்த நால்வர் ஆட்டத்தைத்தான்.

ஆளையே எழுப்பிவிட்டார்கள்

காலம் மாறியது. கிராபிக்ஸ் தரம் உயர உயர, ஒரு படத்துக்குக் கன்சோல் செலவிடும் உழைப்பும் கூடியது. முழுத் திறனையும் ஒருவருக்கே செலவழித்துவிடும் கேமில் இரண்டாமவருக்கு மிச்சம் என்ன இருக்கும்?

2001-ல் எக்ஸ்பாக்ஸ் கன்சோலோடு சேர்ந்து பிறந்தது ‘ஹேலோ’. அண்ணன் தம்பிகளும் நண்பர்களும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரே கதையை விளையாடி முடித்த கேம் என்பது அதன் பெருமை. 2015-ல் ‘ஹேலோ 5’ வந்தபோது ஸ்பிளிட் ஸ்க்ரீன் இல்லை. நொடிக்கு 60 படங்கள் வேண்டும், போர்க்களம் பெரிதாக வேண்டும், அதற்காக இதைக் கைவிடுகிறோம் என்றது அதை உருவாக்கிய ‘343 இண்டஸ்ட்ரீஸ்’.

ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். 2017-ல் அந்த நிறுவனத்தின் தலைவர் போனி ராஸ், இனி வரும் ஹேலோ துப்பாக்கி ஆட்டங்களில் ஸ்பிளிட் ஸ்க்ரீன் நிச்சயம் இருக்கும் என்று மேடையிலேயே சொன்னார். 2021 டிசம்பரில் ‘ஹேலோ இன்ஃபினிட்’ வெளியானது. போட்டி ஆட்டங்களில் திரையைப் பிரித்து விளையாட முடிந்தது. ஆனால், கதைப் பகுதியில் அந்த வசதி இல்லை, பிறகு வரும் என்றார்கள். 2022 செப்டம்பரில் அந்தத் திட்டத்தையே கைவிடுவதாக அறிவித்தார்கள்.

இன்ஃபினிட்டின் கதை, விரிந்து கிடக்கும் ஒரு திறந்த உலகத்தில் நடக்கிறது. ஒருவர் இந்த மூலைக்கும் இன்னொருவர் அந்த மூலைக்கும் போனால் கன்சோலின் பாடு என்னவாகும் என்பது புரிகிறது. ஆனால், சோபாவில் காத்திருந்தவர்களுக்கு அந்த விளக்கம் ஆறுதல் தரவில்லை. மெனுவில் இருந்த ஓர் ஓட்டை வழியாகச் சில ரசிகர்கள் அந்த வசதியைத் தாங்களே திறந்து விளையாடிக் காட்டியபோது வருத்தம் இன்னும் கூடியது.

முன்பு பாட்டை நிறுத்தினார்கள், படங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரையே எழுப்பிவிட்டார்கள். ‘நீ எந்திரிச்சாதான் சரியாகும்.’

ஒரு வசதிக்காகத் தள்ளிப்போன கேம்

ஸ்பிளிட் ஸ்க்ரீன் எவ்வளவு சிக்கலானது என்பதற்கு 2023-ல் பெரிய சாட்சி கிடைத்தது. பெல்ஜியத்தின் ‘லாரியன்’ நிறுவனம் உருவாக்கிய ‘பால்டர்ஸ் கேட் 3’, அந்த ஆண்டு ஆகஸ்டில் கம்ப்யூட்டருக்கும் செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5-க்கும் வந்துவிட்டது. எக்ஸ்பாக்ஸுக்கு மட்டும் வரவில்லை.

காரணம், எக்ஸ்பாக்ஸில் இரண்டு அண்ணன் தம்பிகள் உண்டு. சீரிஸ் எக்ஸ் விலை கூடியது, 16 ஜிபி நினைவகம் கொண்டது. சீரிஸ் எஸ் விலை குறைந்தது, 10 ஜிபிதான். கிராபிக்ஸ் திறனிலும் அண்ணனில் மூன்றில் ஒரு பங்குதான். இரண்டிலும் கேமின் வசதிகள் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் எதிர்பார்ப்பு. பெரியவனில் ஓடிய ஸ்பிளிட் ஸ்க்ரீன், சின்னவனில் அதே தரத்தில் ஓடவில்லை. இந்த கேமில் ஒருவர் ஊருக்குள் யாரோடாவது பேசிக்கொண்டிருக்கும்போது, இன்னொருவர் வேறெங்கோ சண்டை போட்டுக்கொண்டிருக்கலாம். 10 ஜிபிக்குள் அந்த இரண்டு இடங்களையும் அடக்குவது பெரும்பாடு.

கடைசியில் லாரியனின் தலைவர் ஸ்வென் விங்கே, எக்ஸ்பாக்ஸின் தலைவராக இருந்த ஃபில் ஸ்பென்சரைச் சந்தித்துப் பேசினார். சீரிஸ் எஸ்-ல் மட்டும் அந்த வசதி இல்லாமல் வெளியிடலாம் என்று முடிவானது. டிசம்பரில் எக்ஸ்பாக்ஸுக்கு கேம் வந்தது. விலை குறைந்த கன்சோலை வாங்கியவர்களின் சோபாவில் மட்டும் ஓர் இடம் காலியாக இருந்தது.

கதை அதோடு முடியவில்லை என்பதுதான் நல்ல செய்தி. லாரியன் விடாமல் வேலை பார்த்தது. 2025 ஏப்ரலில் வந்த எட்டாவது பெரிய அப்டேட்டில், சீரிஸ் எஸ்-க்கும் ஸ்பிளிட் ஸ்க்ரீன் வந்துவிட்டது. கன்சோல் மாறவில்லை, அதே 10 ஜிபிதான். முதலில் முடியாது என்று தோன்றியது, நேரமும் உழைப்பும் செலவழித்தபோது முடிந்தது.

இருவருக்காகவே சமைத்தவர்

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் ‘ஹேஸ்லைட்’ என்றொரு ஸ்டூடியோ இருக்கிறது. அதன் நிறுவனர் ஜோசஃப் ஃபாரெஸ், லெபனானில் பிறந்தவர், சினிமா இயக்குநராக இருந்தவர். இவர்களின் கேம்களைத் தனியாக விளையாடவே முடியாது. இரண்டு பேர் கட்டாயம் வேண்டும்.

2021-ல் வந்த ‘இட் டேக்ஸ் டூ’, விவாகரத்தை நெருங்கிவிட்ட ஒரு கணவன் மனைவியின் கதை. பொம்மைகளாக மாறிவிடும் இருவரும் சேர்ந்து உழைத்தால்தான் தடைகளைத் தாண்ட முடியும். அந்த ஆண்டு ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் ஆண்டின் சிறந்த கேம் விருது இதற்குத்தான். 2025 மார்ச்சில் வந்த ‘ஸ்பிளிட் ஃபிக்‌ஷன்’ கேமின் நாயகிகள் மியோ, ஸோயி. இருவருக்கும் தன் மகள்களின் பெயர்களையே வைத்திருக்கிறார் ஃபாரெஸ்.

மற்றவர்கள் திணறிய இடத்தில் இவர்கள் எப்படிச் சாதித்தார்கள்? முதல் நாளே இரண்டு பந்திக்கும் சேர்த்துத் திட்டமிட்டார்கள். இருவரும் எந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள் என்பது கேமுக்கு முன்பே தெரியும். கதை இருவரையும் ஏறக்குறைய ஒரே பகுதிக்குள் வைத்துக்கொண்டே நகர்கிறது. யாரும் கண்காணாத மூலைக்கு ஓடிவிட முடியாது. ஒருவருக்காகச் சமைத்துவிட்டு, கடைசி நேரத்தில் இன்னொருவருக்குத் தண்ணீர் ஊற்றிப் பெருக்குவதற்கும், முதலிலேயே இரண்டு பேருக்கு உலை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

கேம் உருவாக்குபவர்கள் செய்ய வேண்டியதை அவர்கள் செய்யட்டும். அக்கா வீட்டு ஹாலில் நான் செய்து பார்த்தவற்றோடு, பொதுவாக உதவக்கூடிய சிலவற்றையும் சொல்கிறேன்.

1. ‘பெர்ஃபார்மன்ஸ் மோட்’ தேர்ந்தெடுங்கள்: பல கேம்களின் செட்டிங்ஸில் ‘குவாலிட்டி’, ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். குவாலிட்டி என்பது அழகுக்கு, பெர்ஃபார்மன்ஸ் என்பது வேகத்துக்கு. இருவர் விளையாடும்போது இரண்டாவதே சரி. பாதித் திரையில் நுணுக்கமான அழகு எப்படியும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியப்போவதில்லை. ‘ரே ட்ரேசிங்’ என்ற தேர்வு இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். வெளிச்சத்தையும் பிரதிபலிப்பையும் தத்ரூபமாகக் காட்டும் அந்த வசதி, கன்சோலின் உழைப்பை அதிகம் உறிஞ்சும்.

2. டிவியில் ‘கேம் மோட்’ போடுங்கள்: படத்தை மெருகேற்ற டிவி தன் பங்குக்குச் சில வேலைகள் செய்யும். அதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். சினிமா பார்க்கும்போது அது தெரியாது, கேமில் பட்டன் தாமதமாக வேலை செய்வதுபோல இருக்கும். கேம் மோட் போட்டால் அந்தத் தாமதம் குறையும். ஃப்ரேம் ரேட் கூடாது, ஆனால் கைக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளி குறையும்.

3. ‘விஆர்ஆர்’ இருக்கிறதா பாருங்கள்: புதிய கன்சோல்களிலும் சில புதிய டிவிகளிலும் இந்த வசதி உண்டு. பயணி வரும்வரை பஸ் காத்திருந்து கிளம்புவதுபோல, படம் தயாரானதும் டிவி திரையைப் புதுப்பிக்கும். சின்னச் சின்னத் தடுமாற்றங்கள் கண்ணில் படாது. கன்சோல், டிவி இரண்டிலும் இருந்தால்தான் பலன்.

4. சேர்ந்தே சுற்றுங்கள்: பெரிய உலகத்தைச் சுற்றும் கேம்களில் இருவரும் ஆளுக்கொரு திசையில் போகாமல் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், கன்சோலின் பாரம் குறையலாம். பல ‘லெகோ’ கேம்களில் இருவரும் நெருங்கி வந்தால் நடுவிலிருக்கும் கோடே மறைந்து ஒரே திரையாகிவிடும்.

5. ஒரே திரை கேம்களைத் தேடுங்கள்: ‘ஓவர்குக்டு’ போன்ற சமையல் கேம்களில் நான்கு பேர் விளையாடினாலும் திரை பிரியாது. எல்லோரும் ஒரே அடுப்படியில்தான் நிற்கிறார்கள். ஒரே பந்தி என்பதால் பரிமாறும் வேலை இரண்டு மடங்காவதில்லை. விலை குறைந்த கன்சோல் வைத்திருப்பவர்களுக்கும் சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கும் இவை பொருத்தம்.

6. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்: பால்டர்ஸ் கேட் கதையைப் பார்த்தோமே. வெளியானபோது திணறிய கேம், பின்னாளில் வரும் அப்டேட்டில் சரியாகலாம்.

7. காற்றோட்டம் முக்கியம்: டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் கன்சோலைத் திணித்து வைக்காதீர்கள். நாலு பக்கமும் காற்றுப் போகட்டும். தூசியைத் துடைத்துவிடுங்கள்.

8. வாங்கும் முன் படியுங்கள்: ‘மல்ட்டிபிளேயர்’ என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. பல கேம்களில் அதன் பொருள், இன்டர்நெட் வழியாக, ஆளுக்கொரு கன்சோல் வைத்துக்கொண்டு விளையாடுவது. ‘லோக்கல் கோ-ஆப்’ அல்லது ‘ஸ்பிளிட் ஸ்க்ரீன்’ என்று இருக்கிறதா பாருங்கள். எத்தனை பேர், எந்த கன்சோலில் என்பதையும் கவனியுங்கள். ஒரே கேம் ஒரு கன்சோலில் திரையைப் பிரிக்கும், இன்னொன்றில் பிரிக்காது. பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுத்துவிட்டு, பிரித்துப் பார்க்கும்போது ஒருவர்தான் விளையாட முடியும் என்று தெரிந்தால், வீட்டில் இன்னொரு பஞ்சாயத்துதான்.

மறுபடியும் அதே சோபா

அக்கா வீட்டு செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். கேம், குவாலிட்டி மோடில் இருந்தது. ரே ட்ரேசிங்கும் ஓடிக்கொண்டிருந்தது. பளபளப்பாகத் தெரிகிறது என்று பெரியவன்தான் மாற்றிவைத்திருக்கிறான். அவனே மறந்தும்போயிருக்கிறான். டிவி, சினிமா மோடில். கன்சோல், மூடிய கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்.

பத்து நிமிட வேலை. எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, சின்னவளைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். “இது உன்னால இல்லம்மா, உங்க அண்ணன் மாத்தி வெச்ச செட்டிங்” என்று சொன்ன பிறகுதான் வந்தாள். பெரியவன் தலையைச் சொறிந்தான்.

கேம் தொடங்கியது. தனியாக ஓடும்போது இருந்த வழுக்கல் முழுதாக வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். தூரத்து மரங்கள் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தன. ஆனால் திக்கல் பெருமளவு போயிருந்தது. வளைவில் திருப்பினால் கார் திரும்பியது. மூன்றாவது சுற்றில் சின்னவள் அண்ணனை முந்திக்கொண்டு முதலாவதாக வந்தாள்.

கன்ட்ரோலரைக் கீழே வைக்காமல், அவன் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

“இப்ப எதனாலண்ணா தோத்த?”